ஒட்டாதது

நாவலின் முதல் வரியில் ஒரு முட்டை.
எண்ணெயே காணாத வாணலியில் பொரிந்து
வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கும்.
எழுபத்தொன்றாம் வருஷம், மார்ச் மாதம்.
துல்லியோ வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வாணலி.
இர்மாவின் அடுக்களையில் தெருவே கூடிவிட்டது.
எனக்கு ஏழு வயது.
இன்னொன்று, இன்னொன்று என்று கத்தி
பதினொரு முட்டை வீணாக்கினோம்.
அன்றைக்குக் கோழிகள்மேல் யாருக்கும் சந்தேகமில்லை.

வக்கீல் பெர்கமின் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.
"தொழிற்சாலைக்குப் பெயர் வேண்டாம்.
ஆற்றுக்கு வேறு பெயர் வையுங்கள்.
வெனிஸுக்கு மேற்கே ஓர் ஊர் என்றால் போதும்.
அப்புறம், ஒர்னெல்லா, இந்த 'ஆகையால்'.
கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான், ஆகையால் சிறுநீரகம் போயிற்று.
கோர்ட்டில் இதை நிரூபிப்பது யார், நீங்களா?
'பிறகு' என்று போடுங்கள்.
குடித்தான். பிறகு போயிற்று.
'பிறகு'மேல் யாரும் வழக்குப் போட முடியாது."

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
நாற்பத்தேழு.

டாக்டர் மரங்கோனும் பட்டும் படாமலும்தான் பேசுவார்.
தைராய்டா, தொடர்பு இருக்கலாம்.
கலைந்த கருக்களா, இல்லையென்று சொல்வதற்கில்லை.
இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.
சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து
மலைச்சுனைத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறார்.
வீட்டுப் பூனைக்கும் அதுதானாம்.

நாவல் என்றால் ஒரு கத்தியாவது அகப்பட வேண்டும்.
எனக்கு அகப்பட்டதற்கோ
நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை.
எதிலும் ஒட்டக்கூடாது என்றே செய்த பொருள்.
வாணலியில் ஒட்டாது, மழைக்கோட்டில் ஒட்டாது,
பீட்சா அட்டையில் ஒட்டாது.
ரத்தத்துக்குள் வந்ததும்
கிளம்பும் உத்தேசமே இல்லாத விருந்தாளிபோல்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.
ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து
ஆளுக்கொரு எண் அனுப்புகிறார்கள்.
பக்கத்து வீட்டு பெனடெட்டா தன் எண்ணை
ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் எழுதிக்கொண்டு போகிறாள்,
பந்தயக்காரியைப்போல.

துல்லியோ போன மறு வருஷம்
கையெழுத்துப் பிரதியை இர்மாவிடம் கொடுத்தேன்.
மூன்று வாரம் வைத்திருந்தாள்.
திரும்பி வந்தபோது கடைசித் தாளின் பின்புறம் ஒரே வரி:
"அவன் சந்தோஷமாக இருந்ததை எங்கேயும் எழுதவில்லையே."

நின்றபடியே சொன்னாள்.
கம்பெனிக்கு ஃபுட்பால் டீம் இருந்தது, நீலச் சட்டை,
அவன்தான் கோல்கீப்பர்.
ஜனவரி ஆறாம் தேதி பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய்ப் பொட்டலம்.
இந்த ஊர்ப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததே கம்பெனி பஸ்ஸில்.
நீயும்தான் வந்தாய்,
கியோஜ்ஜா பாலத்தில் வாந்தி எடுத்தாய்.
உன் அப்பா அங்கே கணக்கெழுதினார்.
அந்தச் சம்பளத்தில்தானே நீ படித்தாய்?

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய
துல்லியோவின் மஞ்சள் கோட்டை எடுத்து
என் தோளில் போட்டாள்.
பொத்தானையும் அவளே மாட்டினாள், கழுத்து வரைக்கும்.
வீடு போய்ச் சேரும்வரை
முட்டைக்கோஸ் இலையில் உருள்வதுபோல்
துளிகள் உருண்டு உருண்டு ஓடின.
முப்பது வருஷத்துக் கோட்டு.
ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

அன்றிரவு நாற்பத்தேழையும் மாற்றினேன்.
துல்லியோ குடித்தான். பிறகு அவன் தங்கை.
பிறகு கோழிகள். பிறகு சோளம். பிறகு
லூயிஜினாவின் முலைப்பால்.
பிறகு, பிறகு என்று வாய்விட்டு வாசிக்கையில்
எனக்கே மூச்சு வாங்கியது.

ஓரிடத்தில் மட்டும் புதிதாக ஒன்று சேர்த்தேன்.
அவன் அங்கே சந்தோஷமாக இருந்தான்,
ஆகையால் ஒன்றும் கேட்கவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் பெர்கமின்
சிவப்பாக ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்.
இன்னும் பதில் எழுதவில்லை.
கோட்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை.