ஆடி அமாவாசைக்கு மறுநாள்

விடிகாலை மூன்று பத்துக்குச்
செல்பேசியில் ஒரு வரி:
பம்பு ஒன்று நின்றது, இரண்டு ஓடுகிறது.
என்னைக் கேட்காமலே எல்லாம் முடிந்திருந்தது.

ஆனாலும் போனேன்.
ராமேஸ்வரத்துச் சாக்கடைக்கு நேற்று
லட்சம் பேர் விருந்தாளி.
சல்லடையின் இரும்பு விரல்கள்
தாமாக மேலேறிக் கொட்டின
எள், தர்ப்பை மோதிரம்,
முறுக்கிக்கொண்ட வேட்டிகள்.
திரையில் இதற்குப் பெயர் 'கந்தல்'.

முன்பு இதைக் கையால் எடுத்தவன் அண்ணன் நம்புராஜன்.
சங்குக்கடைத் தெரு மூடிக்குள் இறங்கினான்,
கயிறு மட்டும் மேலே வந்தது.
நேற்று அவனுக்கு எள் இறைத்துவிட்டு
உடைமாற்றும் அறையில்
நானும் ஒன்றை விட்டுத்தான் வந்தேன்.
நீலக் கரை.

தேடவில்லை.
'சரி' பொத்தானை அழுத்தினேன்.
தெளிந்த தண்ணீர்
சவுக்கங்கன்றுகளுக்குப் போகிற சத்தம்.
கடல் பக்கம் இன்றைக்கு ஒன்றும் போகவில்லை.