பதினொரு நிமிடம்

எனக்கென்று தனி மின்தூக்கி.
அட்டையைக் காட்டினால் நேரே என் கூடத்தில் போய்த் திறக்கும்.
வீடு காட்ட வந்த பையன்
அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்:
"வேற யாரும் ஏற முடியாது மேடம். ஒருத்தர்கூட."
அந்த ஒருத்தர்கூடவுக்கு
ஒன்பது மில்லியன் வெள்ளி கொடுத்தேன்.

ஜூரோங்கில் கப்பல் எண்ணெய்க் கணக்கை முடித்துவிட்டு
நள்ளிரவு தாண்டி வந்த வியாழக்கிழமை,
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
அது நின்றுவிட்டது.

மூன்று பக்கமும் கண்ணாடி.
மூன்று பக்கமும் அதே முத்துத்தோடு,
நானூறு பேருக்குச் சம்பளம் போடும் அதே கை.
யாரைக் கூப்பிடுவது?
கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன்.
அமைச்சுச் செயலாளர் இருந்தார்.
இரண்டு வங்கித் தலைவர்கள்.
மெல்பர்னில் மகன்; அங்கே மணி மூன்றிருக்கும்.
பிரிந்துபோன ரகோத்தமன் பெயர்மேல்
விரலை வைத்தேன், எடுத்தேன்.

பிறகுதான் மஞ்சள் மணியை அழுத்தியது.

ஊபியிலோ உட்லண்ட்ஸிலோ
ஏதோ ஓர் அறையில் இரவு வேலை பார்ப்பவன்.
ஆங்கிலத்தில் பெயர் கேட்டான்.
அழகுமணி என்றேன்.
கொஞ்சம் மௌனம். அப்புறம் ஈப்போத் தமிழ்:
"பயப்படாதீங்கக்கா, ஆள் வந்துகிட்டிருக்கு. சாப்டாச்சா?"

இல்லை என்றேன்.
என்ன பிடிக்கும் என்றான்.
தெரியவில்லை.
மேசைமேல் வைப்பதைத்தான் சாப்பிடுகிறேன், பல வருடமாக.
சிரித்தான். தன் டப்பாவில்
நெத்திலிச் சம்பல் இருக்கிறதாம், அம்மா செய்யும் காரம் இல்லையாம்.
மழை பெய்கிறதா என்று கேட்டான்,
எனக்கு ஜன்னலே இல்லை என்பதை மறந்து.
"கதவு தொறக்கிற வரைக்கும் நான் லைனை வெக்கமாட்டேங்கா.
அது ரூல்ஸ்."

விதிதான். தெரியும்.
ஆனாலும் சுவரில் சாய்ந்து
தரையில் உட்கார்ந்துவிட்டேன், பட்டுப்புடவையோடு.

கதவு திறந்தது.
நன்றி சொல்வதற்குள் அந்தப் பக்கம் அறுந்தது.

மறுநாள் நிர்வாகம் பழக்கூடை அனுப்பியது.
இனி ஒருபோதும் நிற்காது என்று
மன்னிப்புக் கடிதத்தில் உறுதி.
சமையல்காரியிடம் நெத்திலிச் சம்பல் கேட்டேன்.
நன்றாகத்தான் செய்திருந்தாள்.

ஒரு மாதம் பொறுத்து, ஓடுகிற மின்தூக்கியிலேயே
மணியை அழுத்திப் பார்த்தேன்.
ஒரு பெண். ஆங்கிலம். என்ன பிரச்சினை மேடம்?
கை தவறிப் பட்டுவிட்டது என்றேன்.
இப்போது அந்த மணிக்கு
ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறார்கள்,
என் வசதிக்காக.

முப்பத்தொன்று.
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
முப்பத்திரண்டு.