வெளிச்சப் பெட்டி

மாதையன் என்று கூப்பிட்டேன்.
மூன்று பேர் எழுந்தார்கள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இது வாடிக்கைதான்.
பென்னாகரம் ரோட்டில் கல்லெறிந்தால்
ஒரு மாதையன் திரும்பிப் பார்ப்பார் என்பாள்
சீட்டு எழுதும் ரோசலின்.
அப்பா பெயர் கேட்டேன்,
இருவர் மாதப்பன் என்றார்கள்.
வலி எங்கே என்று கேட்டேன்,
மூவரும் இடுப்பைப் பிடித்தார்கள்.

அன்றைக்குப் பிலிம்கள் மாறிப்போயின. என் தவறுதான்.
பாப்பாரப்பட்டி மாதையனின் எலும்பை
உறையில் போட்டுக்கொண்டு
இண்டூர் மாதையன் பஸ் ஏறிவிட்டார்.
மறுவாரம் மன்னிப்புக் கேட்டு மாற்றித் தந்தேன்.
"வீட்ல எல்லாருக்கும் காட்டினேம்மா,
நாந்தான்னு நல்லாத் தெரிஞ்சுதே" என்றார்.
பழையதைத் திருப்பித் தர அவருக்கு மனசே இல்லை.

ஆட்கள் போனபின் இரண்டையும்
வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினேன்.
விளிம்பெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி
அதே வெள்ளை.
பாறைக்குக் கீழிருந்து நாற்பது வருடம் இறைத்த தண்ணீர்
யார் உடம்பு என்று கேட்டுக்கொண்டா ஏறும்?
டாக்டர் அதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்.
என் பல்லிலும் உண்டு,
குறுக்கே, டீக்கறை போல.
கல்யாணப் போட்டோவில் வாய் மூடித்தான் சிரித்திருக்கிறேன்.
என் பல் என்று நான் இத்தனை காலம் வெட்கப்பட்டது
நல்லம்பள்ளியில் ஒரு போர்க்கிணறு.

இப்போது ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது.
மகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்திருக்கிறது.
யாரை மாதிரி என்று கேட்கிறார்கள்.
ஆறு மாதிரி என்று சொன்னால்
எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள்.

மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.
ஒரு நாளைக்கு எழுபது முறை சொல்கிறேன்.
சொல்லும்போது நானும் பிடித்துக்கொள்கிறேன்,
தேவையில்லை, பழக்கம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர்,
இந்தப் பக்கம் நான்,
ஒரு நொடி இரண்டு பேருமே இல்லாதது போல இருக்கும்.
விடுங்க என்கிறேன்.
ஜன்னல் இல்லாத அறை.
அடுத்து வருபவர் இழுப்பது அதைத்தான்.

ஆடி மாதம் ஈரப் படியில் வழுக்கி விழுந்தேன்.
படமெடுத்தவன் திம்மராஜ்.
"மூச்சை இழுங்க மேடம். பிடிங்க."
என் வாக்கியம், என் இழுவையோடுகூட,
அவன் வாயிலிருந்து வந்தது.
எனக்கு யார் வாயிலிருந்து வந்தது?

ஈரம் காய்வதற்குள் பிலிமைப் பிடுங்கித்
தூக்கிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களைப் பார்த்த கண்.
என்னைத் தேடினேன்.
விலா இருந்தது, தோள்பட்டை இருந்தது,
அதே சுண்ணாம்பு.
எந்த மாதையனுக்கும் கொடுத்தனுப்பலாம்.
ஒன்றே ஒன்று மட்டும் தனியாக, பளிச்சென்று,
இது நான்தான் என்று சொல்லும்படி:
கழற்ற மறந்த ஊக்கு.
காலையில் ரோசலினிடம் கடன் வாங்கியது.

சிரித்துவிட்டேன். விலா சுரீர் என்றது.
வலி பொய் என்று சொல்ல மாட்டேன்,
அன்றிரவு புரண்டு படுக்க முடியவில்லை.
அதன் சொந்தக்காரியைத்தான் காணோம்,
தேடிய கையும் கூடவே போய்விட்டது.

ஊக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
பிலிமை மகள் எடுத்துக்கொண்டாள்.
சமையலறை ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக
நாலு மூலையிலும் டேப் ஒட்டி மாட்டியிருக்கிறாள்.
காலையில் பால் பொங்கும்போது பார்க்கிறேன்.
விலாவுக்குள் வத்தல்மலை.
ஆறு மணி டவுன் பஸ்
தோள்பட்டையில் ஏறி
இந்தப் பக்கமாக இறங்குகிறது.