பிற மொழி

கிசுமு நகரம், ஹோட்டலின் இரண்டாம் மாடி.
'பொதுமக்கள் கருத்துக் கேட்பு' என்று பேனர்.
பொதுமக்களுக்குப் பின்வரிசை.
என் வேலை தட்டச்சு.
ஆங்கிலத்தில் யார் பேசினாலும்
இருமல் நீக்கி ஏட்டில் ஏற்றுவேன்.
அறுநூறு ஷில்லிங், மதியச் சாப்பாடு தனி.

காலை முழுக்கக் கம்பெனிக்காரர்கள்.
வெள்ளிப் பேனா வைத்திருந்தவர்
பின்வரிசையைக் காட்டி 'இறுதிப் பயனர்' என்றார்,
பதினோரு முறை.
இறுதி என்றால் எனக்குச் சடங்குதான் ஞாபகம் வரும்.

பத்தொன்பதாவது பெயர் ரோஸ்லிடா அவூர்.
ஹோமா பே கரையில் ஓமெனா மீன் காயவைப்பவர்.
இருட்டிலேயே மட்டாட்டு ஏறி வந்தவர்.
அவர் ஒலிவாங்கியைப் பிடித்ததும்
குளிரூட்டிய அறைக்குள் கருவாட்டு வாசம் நடந்து வந்தது.
திரையில் மூன்று நிமிடம்,
சிவப்பு எண்ணில், இறங்கத் தொடங்கியது.

தோலுவோவில் பேசினார்.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.
வருவார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"தொண்ணூறு நாள் பேசாத எண்
செத்த எண் என்கிறது உங்கள் விதி.
எந்த ஏரியில் நின்று எண்ணினீர்கள் அந்த நாட்களை?
மீன்குஞ்சு வளரட்டும் என்று
நான்கு மாதம் எங்கள் ஏரியை மூடுவதும் நீங்கள்தான்.
மூடின ஏரியில் காசில்லை.
காசில்லாத போனில் பேச்சில்லை.
போன வருஷம் ஏரி திறந்தபோது
என் எண் மொம்பாசாவில்
ஒரு பையன் சட்டைப்பையில் இருந்தது.
நல்ல பையன். எடுத்தான், பேசினான்.
மீன் வாங்கினவர்கள் எனக்கு அனுப்பிய காசு
அவனுக்கு விழுந்திருக்கிறது.
பாதியைத் திருப்பிவிட்டான்.
மீதிக்குச் செருப்பு வாங்கிவிட்டானாம்.
அவன்மேல் கோபமில்லை.
என்னிடமிருந்து எடுத்து அவனிடம் கொடுத்ததே
அந்தக் கை,
அதை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.
'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினேன், உண்மை.
பக்கத்தில் வேறு பொத்தான் இருந்ததா?
விதியை எழுதி முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்கள்.
சமைத்து இறக்கிய சட்டியில்
உப்பு வேண்டுமா என்று கேட்பது போல.
உலை வைக்கும்போது கூப்பிடுங்கள்."

முப்பத்தெட்டு வினாடி மிச்சம்.
"அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்"
என்று உட்கார்ந்தார்.

பின்வரிசை சிரித்தது, கை தட்டியது.
தலைவர் "நன்றி, அம்மா" என்றார்.
லிமுருக்காரர்; ஒரு சொல் புரிந்திருக்காது.
எனக்குப் புரிந்தது.
நான் ம்பிட்டாவில் பிறந்தவன்.
என் முதல் பொய்யைச் சொன்னதே அந்த மொழியில்தான்.
இருந்தும் என் விரல்கள் அடித்தன:
19. ஒரு பெண்மணி. (பிற மொழி.)

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழைய கணக்கு.
ஏறிவிட்டது.
எட்டு ஒலிபெருக்கி, எட்டும் வேலை செய்தன.
ஏட்டில்தான் ஏறவில்லை.
அம்பலத்துக்கும் ஏட்டுக்கும் நடுவில்
மதியச் சாப்பாடு தின்ற ஒருவன்
உட்கார்ந்திருந்தான்.

கோப்பு அனுப்பக் கெடு நள்ளிரவு.
பதினொன்று பத்துக்கு
அடைப்புக்குறியைத் திறந்தேன்.
முதலில் பெயர்.
பிறகு அவர் சொன்ன வரிசையிலேயே,
ஏரி, பையன், செருப்பு, உப்பு.
'கை' என்ற இடத்தில் 'நிர்வாகம்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
கை என்றே எழுதினேன்.

காலையில் மேலாளர் கூப்பிட்டார்.
"இதை மொழிபெயர்க்கச் சொன்னது யார்?"
யாரும் சொல்லவில்லை என்றேன்.
"அப்படியானால் இது பதிவாகாதே."
அவர் பேசினாரே, சார்.
வெகுநேரம் அந்தப் பக்கம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அறிக்கை வந்துவிட்டது.
ஏழாம் இணைப்பு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், சின்ன எழுத்து.
தொண்ணூறு நாளைப் பற்றி
இன்னும் முடிவில்லை.
செருப்பை எடுத்துவிட்டார்கள்.
ஏரி இருக்கிறது.