நான்கில் மூன்று

ட்ரோனை மடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை.
இறக்கைகளைக் கழற்றி, எட்டும் இருக்கிறதா என்று எண்ணி
சோப்புப் பெட்டிக்குள் போட்டாயிற்று.
கைகால்களை ஒடுக்கினால்
வலையில் செத்த நண்டு மாதிரி அடங்கிவிடுகிறது.
கேமராவின் கழுத்து ஆடாதிருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி.
அது பெட்டிக்குள் போகட்டும்.
எறிவார்கள், எறியட்டும்.
சுற்றிலும் என் கம்பளிச் சட்டைகள்.

பேட்டரிகள்தான் கையோடு வரவேண்டும்.

விமானத்தின் அடிவயிற்றில் புகைந்தால் யாருக்கும் தெரியாது.
காலடியில் புகைந்தால்
யாராவது கத்துவார்கள்.
விதியில் இருப்பது இந்த ஒரு புத்திதான்:
கத்த ஆளிருக்கும் இடத்தில் ஆபத்தை வை.

நேற்றிரவு முழுவதும் சமையலறை மேசையில்
இறக்கையில்லாத ட்ரோனை எரியவிட்டு
ஒவ்வொன்றாகப் பாதிக்கு வடித்தேன்.
வாகர் தீவின் மழை சன்னலில் படுக்கைவாட்டில் அடிக்க
கேமரா விடியும்வரை
பாத்திரத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.
நிரம்பியும் போகக்கூடாது, வறண்டும் போகக்கூடாது.
பாதி.

சால்மன் ஆலையிலிருந்து எடுத்துவந்த நீல டேப்பைக் கிழித்து
செம்பு முனைகளின் வாயை ஒட்டினேன்.
ஒன்றோடொன்று உரசக்கூடாதாம்.
சாவிக்கொத்து, சில்லறை, எதுவும் பக்கத்தில் வரக்கூடாதாம்.
ஆளுக்கொரு பை.
முதுகில் பொடி எழுத்து: நாற்பத்து நான்கு வாட்-மணி.
நூறு வரைக்கும் கேள்வியில்லை.
அந்த ஒரு கணக்கிலாவது நான் எல்லைக்குள் இருக்கிறேன்.

ஒன்று, இரண்டு, நான்கு.

எண்கள் திரோண்டுர் எழுதியவை, படகுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில்.
ட்ரோனும் அவனுடையதுதான்.
படகை அவனிடம் கேட்காமல் நான் விற்பதற்கு முந்தின கோடையில்
'வைத்துக்கொள், திரும்ப வாங்கிக்கொள்கிறேன்' என்று கொடுத்தான்.
அப்புறம் எஸ்பியர்க் போனான்.
இரண்டு வருடம் பேச்சில்லை.
போன வாரம் ஒரே வரி:
'வரும்போது அதைக் கொண்டுவா. நான்கு பேட்டரியும் இருக்கிறதல்லவா?'

மூன்றாம் எண்ணை மேசையில் வைத்தால் ஆடுகிறது.
தொட்டில் மாதிரி,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
வயிறு உப்பி, ஓடு இரண்டாகப் பிரிந்து
உள்ளே வெள்ளித்தாள் பளபளக்கிறது.
விரலால் அழுத்திப் பார்க்கப் போனவள்
பயந்து கையை எடுத்தேன்.
இதோடு எந்த விமானமும் என்னை ஏற்றாது, ஏற்றவும் கூடாது.
மணல் நிரப்பிய தகர வாளியில் வைத்து
ஆட்டுக் கொட்டிலுக்கு அப்பால், சுவரில் படாமல் விட்டேன்.
பழைய பேட்டரி வாங்கும் இடத்துக்கு
சுன்வா காலையில் எடுத்துப்போவாள்.
'வெடிக்குமா?' என்றாள்.
'தெரியாது' என்றேன். 'மெதுவாக ஓட்டு.'

பாதுகாப்புச் சோதனையில் துரிதா. என் வகுப்புக்காரி.
பையைத் திறந்து, டேப்பைத் தடவி
மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'நன்றாகக் கட்டியிருக்கிறாய்.'
பிறகு குரலைத் தாழ்த்தி,
'இது திரோண்டுரின் எழுத்தில்லையா?
மூன்று எங்கே?'
இந்தத் தீவில்
எக்ஸ்ரே எந்திரம் ஒரு வீண் செலவு.

பனிமூட்டம். இரண்டு மணி நேரம்.
காபி ஆறி, மறுபடி வாங்கி, அதுவும் ஆறியது.
மூட்டம் விலகியபோது
ஓடுபாதைக்கு அப்பால் ஏரி ஒரு கணம் வெள்ளித்தாளாய்த் திறந்தது.
பறக்கவிட ஆசையாக இருந்தது.
விமான நிலையத்தில் பறக்கவிட்டால் ஜெயில்.

இருக்கை பன்னிரண்டு. பை காலடியில்.
கதவு மூடுவதற்குள் எழுதி அனுப்பினேன்:
'மூன்றுதான் வருகிறது.
மூன்றாம் எண் உப்பிப்போயிற்று.
முழுக்கச் சார்ஜ் ஏற்றி
இரண்டு குளிர்காலம் அலமாரியில் அப்படியே விட்டுவிட்டேன்.
தப்பு என்னுடையது.'

படித்துவிட்டான் என்று காட்டியது.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது. மறுபடி எழுதுகிறான்.

போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே
பணிப்பெண் என் வரிசைக்கு வந்துவிட்டாள்.