தன்மைப் பன்மை

நீர் வாரியம் பேசுகிறது என்று
நீங்கள் நினைப்பது என்னைத்தான்.
கோரமங்களா ஐந்தாம் பிளாக்,
பிரியாணிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
வாரியத்துக்கு வாயை வாடகைக்கு விடும் ஏஜென்சி.
வாரியத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படம் போடுவேன்.
கண் வைத்து, சிரிப்பு வைத்த சொட்டு.
ஹனி என்று பெயர். பிரதிமா மேடம் வைத்தது.
கன்னடத்துக்குத் துளி, இங்கிலீஷுக்குத் தேன்.
யுகாதிக்கு அதன் தலைமேல் மாவிலைத் தோரணம்,
கிரிக்கெட் பைனலுக்கு ஹெல்மெட்.

ஹனிக்குக் கீழே வந்துதான் திட்டுவார்கள்.
'மூணு நாளாச்சு, உன் சிரிப்பைக் குழாயில காட்டு.'
காலிக் குடங்களின் படம்.
டேங்கர் ரசீது, ஆயிரத்து எண்ணூறு.
ஒருவர் தன் குழாய் இருமுவதைப்
பதினேழு நொடி பதிவு செய்து அனுப்பியிருந்தார்.
ஹெட்போனில் இரண்டு முறை கேட்டேன்.
பதில் அட்டவணையில் ஒன்பதாம் வரி:
'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.
ஆர்.ஆர். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பவும்.'

வருந்துகிறோம்.
யார் யார் என்று கேட்டால்
நானும் ஓர் எக்செல் தாளும்.

பன்னிரண்டு நிமிடத்துக்குள் பதில் போனால்
தாளில் பச்சை. தாண்டினால் சிவப்பு.
தண்ணீர் போனதா என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.
போன மாதம் தொண்ணூற்றாறு சதவீதம் பச்சை.
கேக் வெட்டினோம்.

கன்னடத்தில் எளிது, நாவு என்றால் முடிந்தது.
இங்கிலீஷில் வீ.
அகலமான சொற்கள், யார் வேண்டுமானாலும் புகலாம்.
நம் பாஷைதான் வாசலில் நிறுத்திக் கேட்கும்:
நாமா, நாங்களா?
எதிரில் நிற்பவர் சேர்த்தியா, இல்லையா?

பங்குனியில் ஒரு ராத்திரி, பத்து ஐம்பதுக்கு,
ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு செய்தி. தமிழில்.
பெயர் எத்திராஜுலு.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆட்டோவின் பின்பக்கம்.
'அக்காவோ அண்ணனோ, மனுசங்க யாராவது இருந்தா சொல்லுங்க.
ஆறாவது கிராஸ்ல தண்ணி எப்ப வரும்?
பொய்யா இருந்தாலும் ஒரு நேரம் சொல்லுங்க,
அலாரம் வெச்சிட்டுத் தூங்கணும்.'

எனக்கு அந்தக் கிராஸ் தெரியும்.
நான் எட்டாவதில் குடியிருக்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே வால்வு.
அதைத் திறக்கும் முனிவெங்கடப்பாவுக்கு
எந்தத் தளத்திலும் கணக்கு இல்லை.
ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது,
அதைக் குறுக்கே கட்டிப்போக ஒரு மொபெட் இருக்கிறது.
முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போனார்:
மோட்டார் எரிந்துவிட்டது, வியாழன் ஆகும்.

தமிழுக்கு அட்டவணையில் வரி இல்லை.
மேடம் தூங்கியிருப்பார்.
நாங்கள் வருந்துகிறோம் என்று தட்டினேன்.
தட்டியதும் எத்திராஜுலு வாசலுக்கு வெளியே போனார்.
நான் உள்ளே, ஏசியில்.
என் வீட்டுக் குடங்கள் ஐந்தும்
அவரோடு வெளியே.

அழித்துவிட்டு எழுதினேன்:
'வியாழன் வரைக்கும் நமக்குத் தண்ணீர் வராது.
அலாரம் வேண்டாம், தூங்குங்கள்.'
பதினோராவது நிமிடம். பச்சை.

காலையில் மேடம் மொழிபெயர்த்துப் பார்த்திருந்தார்.
எந்திரம் 'வீ' என்று காட்டியிருந்தது.
வாரியத்துக்கே தண்ணீர் வராதா என்று
நாற்பது பேர் கீழே சிரித்திருந்தார்கள்.
நீக்கச் சொன்னார். நீக்கினேன்.
அந்த இடத்தில் ஹனி வந்தது,
வாளியை மூடி வையுங்கள் என்றது.

வியாழன் கழிந்து வெள்ளி பிறந்து கொஞ்ச நேரத்தில்
மறுபடி அந்த ஆட்டோ:
'எங்களுக்கு வந்துடுச்சு.
உங்களுக்கு?'

ஒன்பதாம் வரியைப் பார்த்தேன்.
பதினான்கை, இருபத்திரண்டைப் பார்த்தேன்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
தாள் சிவப்பாகும்வரை
அதையே படித்துக்கொண்டிருந்தேன்.