டாப்ளர் எப்ப வருவாரு

சூரமங்கலம். ஜங்ஷன் மதிலை ஒட்டி
ஒரு ஸ்கேன் சென்டர்.
ரிப்போர்ட் அடிக்கிறவள் நான்.
நாளைக்கு முப்பது தடவையாவது
விரல் அந்தப் பெயரை அடிக்கும்.
வாய்விட்டுச் சொன்னதில்லை.

சீட்டை ரெண்டு கையாலும் நீட்டி
மாதேஸ்வரி கேட்டாள்:
"டாப்ளர் டாக்டர் எப்ப வருவாருங்க?"

எட்டாம் மாசம். கருப்பூர்ப் பக்கம்.
கூட வந்த அப்பாவின் புருவத்தில்
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி,
குளித்தும் போகாதது.
ஆணா பெண்ணா கேட்காதீர் என்ற பலகைக்குக் கீழே
துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார்,
இருமலுக்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல.

சிரித்திருப்பேன்.
ஆனால் முந்தின வாரம், கரண்ட் போன ஒரு மத்தியானம்,
போனில் தேடிப் படித்துவிட்டேன்.

சால்ஸ்பர்க் என்று ஆஸ்திரியாவில் ஓர் ஊர்.
உப்புக்கோட்டை என்று அர்த்தமாம்.
அங்கே கல்தச்சர் வீட்டுப் பையன்.
உளி பிடிக்க உடம்பில் தெம்பில்லை என்று
கணக்குப் படிக்க அனுப்பினார்கள்.
கல்லுக்குத் தப்பிய நெஞ்சு
காற்றுக்குத் தப்பவில்லை;
ஐம்பது நிறையும் முன்பே முடிந்துபோனார்.

அவர் எழுதியது விண்மீன்களின் நிறம் பற்றி.
வருகிற வெளிச்சம் ஒரு மாதிரி,
விலகுகிற வெளிச்சம் வேறு மாதிரி.
விண்மீன் நிறத்தில் கணக்குப் பிசகியதாம்.
சத்தத்தில் பிசகவில்லை.
ஹாலந்தில் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஓடவிட்டு,
தண்டவாளத்தோரம் காது தேர்ந்தவர்களை நிறுத்தி
சரிபார்த்தார்களாம்.

இதற்கு ஹாலந்து எதற்கு?
என் ஜன்னலுக்கு வெளியே
நிற்காத கூட்ஸ் வண்டி தினம் இதைத்தான் செய்கிறது.
கூராக வரும் ஊதல்
தாண்டிய நொடியில் தொங்கிப்போகும்.

"டாக்டர் இல்லீங்க, அது ஒரு ஆளோட பேரு" என்றேன்.
"செத்து ரொம்ப நாளாச்சு."
"ஐயோ பாவம்" என்றாள்.
நிஜமாகவே சொன்னாள்.

உள்ளே திரைக்குப் பின்னால் என் மேஜை.
ஜெல் பட்டதும் அவள் இழுத்த மூச்சு கேட்டது.
அப்புறம் குழந்தையின் இதயம்,
அம்மாபேட்டைத் தறி மாதிரி, நிற்காமல்.
தொப்புள்கொடிக்கு நகர்ந்தபோது
திரையில் சிவப்பும் நீலமும்.
சிவப்பு என்றால் நம் பக்கம் வருவது.
நீலம் என்றால் போவது.
வேறொன்றுமில்லை.

ஈரத்துணியை உதறுவது போல ஒரு சத்தம்.
உதறலுக்கு நடுவே
மெலிசாகவாவது ஓட்டம் இருக்க வேண்டும்.
மேடம் எதுவும் சொல்லவில்லை.
மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி.
"நடுவுல ஒண்ணுமே இல்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்க.
"அடி. சீக்கிரம். பெரியாஸ்பத்திரிக்கு."

இரத்த வகை என்றொரு கட்டம்.
ஓ பாசிட்டிவ்.
அந்தப் பிரிவைக் கண்டதும் வியன்னாவில் ஒருவர்.
அவர் பெயரை யாரும் கேட்பதில்லை,
ஆஸ்பத்திரிச் சீட்டில் அவருக்கு
எழுத்து மட்டும்தான் மிச்சம்.

நூற்றியெட்டு வந்தது.
அப்பா ஏறும்போது துண்டு கீழே விழுந்தது,
எடுத்துக் கொடுத்தேன், சொரசொரவென்றிருந்தது.
ஐந்து ரோடு பக்கம் திரும்பியதும்
சைரன் இறங்கி ஒலித்தது.
டிரைவரைக் கேட்டால் ஒரே சத்தம்தான் என்பார்.
மாதேஸ்வரிக்கும் ஒரே சத்தம்தான்.
இங்கே நிற்கிற எனக்குத்தான்
அவள் போகிற வேகம் காதில் விழுந்தது.

அது செவ்வாய். இன்று வெள்ளி.
மேஜை டிராயரில் ஒரு கவர்,
பாக்கி ஐம்பது ரூபாய்,
மேலே பெயர், கருப்பூர் என்று மட்டும்.
பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டால்
எந்த மாதேஸ்வரி என்கிறார்கள்.

புதிதாய் வந்த ஒருத்தி
டாப்ளர் இருக்காருங்களா என்கிறாள்.
இருக்காருங்க, உக்காருங்க.

வெளியே ஏதோ ஊதல்.
கீபோர்டிலிருந்து விரலைத் தூக்கிக் கேட்கிறேன்,
ஏறுகிறதா, இறங்குகிறதா.